‘அவன் முகம் அமைதியாக இருந்தது’: ஒரு போர் எதிர்ப்பு நாவலின் கடைசி மூன்று வாக்கியங்கள்

முதல் உலகப் போரைப் பற்றி ஜெர்மன் எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க் எழுதிய ‘ஆல் க்வைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ நாவலைப் படித்து முடித்தவர்களிடம் முடிவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “பாவம், போர் முடியப் போகிற நேரத்தில் போய்விட்டான். ஆனால் நிம்மதியாகப் போனான்.” முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நான் ஏற்கவில்லை. ‘நிம்மதியாகப் போனான்’ என்று சொல்லும் குரலை நம்பாதே என்று பதினோரு அத்தியாயங்களாக நமக்குப் பழக்கிவிட்டு, அதன் பிறகுதான் அந்தக் குரலிடம் ரெமார்க் கடைசிப் பக்கத்தை ஒப்படைக்கிறார். நாம் அதை நம்பிவிடுகிறோம்.

நாவலை இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவை வரி வரியாகப் பிரித்துப் பேசப் போகிறேன்.

முதலில் தாளில் இருப்பதை மட்டும் பார்ப்போம். நாவலில் 12 அத்தியாயங்கள். பன்னிரண்டாவதுதான் மிகச் சிறியது. நிதானமாகப் படித்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1918 இலையுதிர் காலம். கொஞ்சம் விஷவாயுவைச் சுவாசித்துவிட்டதால், கதையைச் சொல்லும் ஜெர்மன் வீரன் பவுல் பாய்மருக்கு 14 நாள் ஓய்வு. ஒரு சிறு தோட்டத்தில் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்திருக்கிறான். ஒரே வகுப்பிலிருந்து வந்த ஏழு பேரில் அங்கே மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான். எல்லோரும் போர்நிறுத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஊர் திரும்பிய பிறகு என்ன செய்வோம் என்று யோசிக்கிறான். எழுந்து நிற்கிறான். அத்துடன் அவன் பேச்சு முடிகிறது. தாளில் ஓர் இடைவெளி. அதற்குப் பிறகு வேறு யாரோ பேசுகிறார்கள். ஜெர்மன் மூலத்தில் அது மூன்றே வாக்கியம்.

அவற்றின் சாரம் இது: அவன் 1918 அக்டோபரில் வீழ்ந்தான், அன்று போர்முனை முழுவதும் அவ்வளவு அமைதியாக இருந்ததால், மேற்கில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்ற ஒற்றை வரியோடு ராணுவ அறிக்கை நின்றுவிட்டது. அவன் முன்பக்கம் சாய்ந்து விழுந்து, தூங்குகிறவன் போலத் தரையில் கிடந்தான். புரட்டிப் பார்த்தபோது, அதிக நேரம் துன்பப்பட்டிருக்க முடியாது என்று தெரிந்தது; இப்படி முடிந்ததில் ஏறக்குறைய திருப்திதான் என்பது போல முகம் அவ்வளவு நிதானமாக இருந்தது.

படிப்பவர் மனதில் தங்கிவிடுவது கடைசி வாக்கியம். துன்பப்படவில்லை, முகத்தில் அமைதி. நமக்கும் ஒரு பெருமூச்சு. ஆனால் இதே இரண்டு செய்திகளை, இதே வரிசையில், இந்த நாவலில் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறோம். சொன்னவன் பவுல். அவன் சொன்னது பொய்.

ஏழாவது அத்தியாயம். விடுப்பில் ஊருக்கு வந்த பவுல், இறந்துபோன நண்பன் கெம்மரிக்கின் தாயைப் பார்க்கப் போகிறான். மகன் எப்படி இறந்தான் என்று அந்தத் தாய் கேட்கிறாள். நெஞ்சில் குண்டு பாய்ந்தது, உடனே உயிர் போய்விட்டது என்கிறான் பவுல். அவள் நம்பவில்லை. நீ பொய் சொல்கிறாய், உண்மையைச் சொல், உண்மை தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வதை என்று மன்றாடுகிறாள். பவுல் அசையவில்லை. அவன் எதையும் உணரவில்லை, முகம் மிக அமைதியாக இருந்தது என்கிறான். சத்தியம் செய்வாயா என்கிறாள். செய்கிறான். நீ சொல்வது உண்மை இல்லையென்றால் நீயும் திரும்பி வராமல் போகச் சம்மதமா என்று கேட்கிறாள். அவன் உடனே சாகவில்லையென்றால் நான் திரும்பி வராமலே போகட்டும் என்று பவுல் சொல்லிவிடுகிறான்.

நடந்தது என்ன என்பது இரண்டாவது அத்தியாயத்தில் இருக்கிறது. கெம்மரிக்குக்குக் கால் எடுக்கப்பட்டிருக்கிறது. கள மருத்துவமனைப் படுக்கையில், சத்தமில்லாமல் கண்ணீர் வழிய, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறான். பவுல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் மருத்துவரைத் தேடி ஓடுகிறான். இன்றைக்கு மட்டும் ஐந்து கால்களை வெட்டியிருக்கிறேன், யார் யார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறார் அவர். கூட வரும் உதவியாளன், இன்று மட்டும் பதினாறு பேர், உன் ஆள் பதினேழாவது, இருபதைத் தொட்டுவிடும் என்று கணக்குச் சொல்கிறான். கெம்மரிக் இறந்த உடனே படுக்கை காலியாக வேண்டும். வெளியே அடுத்தவர்கள் தரையில் கிடக்கிறார்கள்.

இந்த இரண்டு காட்சிகளும் நினைவில் இருந்தால் கடைசி வாக்கியத்தின் முகமே மாறிவிடும். ‘அதிக நேரம் துன்பப்பட்டிருக்க முடியாது, முகம் அமைதியாக இருந்தது’ என்பது, போரில் இறந்தவனின் வீட்டுக்குச் சொல்வதற்கென்றே இருக்கும் வாக்கியம். பவுல் அன்பினால் அதைச் சொன்னான். தான் செய்வது பொய்ச் சத்தியம் என்று தெரிந்தே சொன்னான். அந்த வாக்கியம் இப்போது அவனுக்கே வந்து சேர்கிறது. பொய்ச் சத்தியம் பலித்தது, கடவுள் தண்டித்தார் என்று சிலர் படிக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சத்தியம் செய்யும்போதே, எனக்குப் புனிதமானது என்று இனி என்ன இருக்கிறது என்று நினைக்கிறவன் அவன். ரெமார்க் அங்கே சாபம் எதையும் வைக்கவில்லை. அந்த ஆறுதல் வாக்கியத்தின் விலை என்ன, அதைச் சொல்கிறவனுக்கு என்ன தெரியும் என்பதை நமக்குக் காட்டி வைத்துவிட்டு, கடைசியில் அதையே நம் கையில் கொடுக்கிறார். பவுலின் தாய்க்கு யாராவது போய் என்ன சொல்லியிருப்பார்கள்? அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான்.

இதோடு சாவுகளின் நேரக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். இந்த நாவல் சாவுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைத் தொடர்ந்து எழுதிவைக்கும் நாவல். ஒன்பதாவது அத்தியாயத்தில் எறிகணைப் பள்ளத்துக்குள் விழுந்த பிரெஞ்சு வீரனைப் பவுல் கத்தியால் குத்துகிறான். அவன் மணிக்கணக்காக முனகிக்கொண்டே கிடந்து, பிற்பகல் மூன்று மணிக்குத்தான் இறக்கிறான். ஜெரார்ட் டுவால், அச்சுத் தொழிலாளி என்பது அவனுடைய சிறு கைப்புத்தகத்தைப் பார்த்த பிறகே பவுலுக்குத் தெரிகிறது. பதினொன்றாவது அத்தியாயத்தில் பவுலின் வகுப்புத் தோழன் முல்லரின் வயிற்றில் மிக அருகிலிருந்து ஒளிக்குண்டைச் சுட்டுவிடுகிறார்கள். முழு நினைவோடு, கொடும் வலியோடு அரை மணி நேரம் உயிரோடு இருக்கிறான். ஆறாவது அத்தியாயத்தில் இரு தரப்புக்கும் நடுவே எங்கோ கிடக்கும் ஒருவனின் குரல் நாள்கணக்கில் கேட்கிறது. முதலில் உதவிக்குக் கூப்பிடுகிறான், பிறகு பிதற்றுகிறான், பிறகு அழுகை மட்டும். தேடிப் போகிறவர்களுக்கு அவன் அகப்படவே இல்லை. குப்புறக் கிடப்பதால் வாய் தரையோடு ஒட்டியிருக்கும், அதனால் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. இவ்வளவு துல்லியமாகச் சாவை எழுதும் ஒருவர், கதாநாயகனின் சாவில் மட்டும் ‘அதிக நேரம் ஆகியிருக்காது’ என்று ஊகத்தில் முடிப்பாரா? நேரில் கண்டவனுக்கு மணி தெரியும். இங்கே பேசுகிறவர் நேரில் காணவில்லை; பிணத்தைப் புரட்டியபோதுதான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் யார் பார்த்தது என்று இல்லை.

குரல் மாறும் இடம்தான் எனக்கு இந்த முடிவில் மிகவும் பிடித்த வேலைப்பாடு. நாவல் முழுக்கத் தன்மையில், பெரும்பாலும் நிகழ்காலத்தில் நடக்கிறது. முதல் வாக்கியமே ‘நாங்கள்’. போர்முனைக்குப் பின்னால் ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறோம் என்று தொடங்குகிறது. அந்த ‘நாங்கள்’ அத்தியாயம் அத்தியாயமாகத் தேய்ந்து, பன்னிரண்டில் ‘நான்’ மட்டும் மிஞ்சுகிறது. இடைவெளிக்குப் பிறகு அந்த ‘நான்’ போய் ‘அவன்’, அதுவும் இறந்தகாலத்தில். நாங்கள், நான், அவன் என்ற இந்த இறக்கம் தற்செயல் இல்லை. பவுல் தன் வாயால் பேசும் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். இத்தனை ஆண்டுகள் என்னைத் தாங்கி வந்த உயிர் இன்னும் என் கைகளிலும் கண்களிலும் இருக்கிறது, அது இருக்கும்வரை தனக்கான வழியைத் தேடிக்கொள்ளும், எனக்குள்ளே ‘நான்’ என்று சொல்லிக்கொள்வது அதை விரும்பினாலும் சரி, விரும்பாவிட்டாலும் சரி என்ற பொருளில் முடிக்கிறான். அடுத்த வரி: ‘அவன் வீழ்ந்தான்’.

இது என் வாதத்துக்கு இரண்டாவது தூண். ‘முகத்தில் திருப்தி’ என்பதை நம்புகிறவர்கள், பவுல் சாவுக்குத் தயாராகிவிட்டான் என்பதற்குத் தோட்டத்துக் காட்சியைச் சான்று காட்டுகிறார்கள். தயாராகிவிட்டான் என்று சொல்லும்படியான வரிகள் அங்கே இருக்கத்தான் செய்கின்றன. நான் மிக அமைதியாக இருக்கிறேன் என்கிறான். மாதங்களும் ஆண்டுகளும் வரட்டும், என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள இனி எதுவும் இல்லை என்கிறான். ஆனால் அதற்குச் சற்று முன்பே, இதெல்லாம் வெறும் மனச்சோர்வாகவும் இருக்கலாம், ஊரில் பாப்ளர் மரங்களுக்கு அடியில் நின்று இலைகளின் சலசலப்பைக் கேட்டால் தூசிபோலப் பறந்துவிடலாம் என்றும் நினைக்கிறான். சிவந்த பழக்கொத்துகளையும் வெள்ளையாக நீளும் சாலைகளையும் கண் குறித்துக்கொண்டே இருக்கிறது. அவனுடைய மூளை நம்பிக்கையை விட்டுவிட்டது, உடல் விடவில்லை. பவுலின் கடைசி வாக்கியம் உடலின் பக்கம் பேசுகிறது. உயிர் தன் வழியைத் தேடும் என்று சொன்னவனைப் பற்றி, செத்ததில் ஏறக்குறைய திருப்தி என்று வேறொருவர் எழுதுகிறார். இரண்டில் எது பவுலின் சொல் என்பதில் குழப்பமே இல்லை.

அவன் வேண்டுமென்றே குண்டுக்கு முன்னால் போய் நின்றான், அது ஒருவகைத் தற்கொலை என்ற வாசிப்பும் உண்டு. அதற்கு நாவலில் ஒரு சொல்கூட ஆதாரம் இல்லை. எந்த ஆயுதம், யார் சுட்டது, எந்த ஊர், எந்தத் தேதி, அவன் அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்று எதுவும் இல்லை. மாதம் மட்டும் இருக்கிறது. நண்பர்களுடைய சாவுகளுக்கு இதில் பாதியாவது தந்த நாவல் இது.

பெயரும் இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. கடைசி மூன்று வாக்கியங்களில் ‘பவுல் பாய்மர்’ என்ற பெயர் வருவதில்லை. பதினொன்றாவது அத்தியாயம் எப்படி முடிகிறது என்று பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பவுலின் நெருங்கிய நண்பன், காட் என்கிற கட்சின்ஸ்கிக்குக் காலில் அடிபடுகிறது. பவுல் அவனை முதுகில் சுமந்துகொண்டு ஓடுகிறான். போய்ச் சேர்ந்ததும், வீணாகச் சுமந்துவிட்டாய், ஆள் இறந்துவிட்டான் என்கிறான் அங்குள்ள உதவியாளன். வழியில் எங்கோ தலையில் ஒரு சின்னஞ்சிறு சிதறல் பாய்ந்திருக்கிறது. முதுகில் சுமந்தவனுக்கே அது தெரியவில்லை. நீங்கள் உறவா என்று கேட்கிறான் உதவியாளன். இல்லை, உறவில்லை என்கிறான் பவுல். பிறகு சுற்றிலும் பார்க்கிறான். எல்லாம் வழக்கம்போலவே இருக்கிறது, லாண்ட்வேர் என்னும் சேமப்படையின் வீரன் ஸ்டானிஸ்லாஸ் கட்சின்ஸ்கி இறந்திருக்கிறான், அவ்வளவுதான் என்று நினைக்கிறான். அந்த வரியும் அறிக்கையின் வடிவத்தில்தான் இருக்கிறது. எல்லாம் வழக்கம்போல, புதிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு விலக்கு. ஆனால் பவுல் அந்த விலக்கைப் படைப்பிரிவோடும் முழுப் பெயரோடும் சொல்கிறான். சில பக்கங்கள் தள்ளி அவன் சாவுக்கு வரும் அறிக்கையில் விலக்கே கிடையாது. கட்சின்ஸ்கிக்குப் பவுல் இருந்தான். பவுலுக்கு அப்படிச் சொல்ல யாரும் மிச்சமில்லை.

இனி அறிக்கைக்கு வருவோம். ஜெர்மன் தலைமையகம் போர்க்காலத்தில் நாள்தோறும் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாளிதழ்கள் அதை அச்சிட்டன. 1916 ஆகஸ்ட் இறுதியில் தளபதி லூடன்டார்ஃப் தலைமையகப் பொறுப்புக்கு வந்த பிறகு அவருடைய பெயரோடு வெளிவந்தது. எந்த முனையில் எவ்வளவு முன்னேற்றம், எத்தனை கைதிகள் என்பதே அதன் அக்கறை. தாக்குதல் எதுவும் நடக்காத நாளில் ‘புதிதாக எதுவும் இல்லை’. ஆனால் தாக்குதல் நடக்காத நாளிலும் எறிகணை விழும், மறைந்திருந்து சுடுகிறவன் இருப்பான், பழைய காயக்காரர்கள் சாவார்கள். பெரிய சண்டை இல்லாமல் அன்றாடம் கரைந்துபோகும் ஆட்களை ராணுவங்கள் வழக்கமான இழப்பு என்று வைத்துக்கொண்டன. பவுல் அந்தக் கணக்கில் போகிறான்.

‘அமைதி’ என்ற சொல்லுக்கு இந்த நாவலில் என்ன மதிப்பு என்பது முதல் அத்தியாயத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அங்கே பவுலும் கூட்டாளிகளும் வயிறு நிறைய பீன்ஸும் மாட்டிறைச்சியும் தின்றுவிட்டுத் திருப்தியாக இருக்கிறார்கள். ஏன் அவ்வளவு சாப்பாடு? அவர்கள் இருந்த பகுதி அமைதியாக இருந்ததால், திரும்பி வரும் நாளுக்கு 150 பேருக்கு ரேஷன் வாங்கியிருக்கிறார்கள். கடைசி நாளில் ஆங்கிலேயரின் நீண்டதூரப் பீரங்கிகள் விடாமல் அடித்ததில் 80 பேர்தான் திரும்பினார்கள். எழுபது பேரின் பங்கு மிச்சம். அமைதியான பகுதி என்பதன் பொருள் அது. திருப்தி என்பதன் பொருளும் அதுவே. நாவல் முதல் பத்தியில் ‘திருப்தி’யோடு தொடங்கி, ‘ஏறக்குறைய திருப்தி’ என்று முடிகிறது. இரண்டு இடத்திலும் அந்தத் திருப்திக்குக் காரணம் பிணங்கள்.

1918 அக்டோபர் உண்மையில் எப்படி இருந்தது என்பதையும் பார்த்துவிடலாம். ஆகஸ்ட் 8 அன்று அமியான் அருகே தொடங்கிய நேச நாடுகளின் தாக்குதல் போர் முடியும்வரை ஓயவில்லை. செப்டம்பர் 26-ல் மியூஸ்-ஆர்கான் பகுதியில் அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் இறங்கினார்கள். செப்டம்பர் 29-ல் சாங் கான்தாங் கால்வாயில் ஜெர்மானியரின் ஹிண்டன்பர்க் அரண் உடைந்தது. அக்டோபர் 3-4 இரவில் ஜெர்மன் அரசு அமெரிக்க அதிபர் வில்சனுக்குப் போர்நிறுத்தம் கேட்டு எழுதியது. அதற்குப் பிறகும் காம்ப்ரே நகரம் ஜெர்மானியரின் கையைவிட்டுப் போயிற்று, அக்டோபர் 17-ல் லீல் நகரமும் போயிற்று, செல் ஆற்றங்கரையில் அக்டோபர் 25 வரை சண்டை. 26-ம் தேதி லூடன்டார்ஃபே பதவியை விட்டுப் போனார். இப்படி ஒரு மாதத்தில் ‘போர்முனை முழுவதும் அமைதி’யான நாளை வைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. இதை ஆசிரியரின் பிழை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ரெமார்க் 1917 ஜூனில் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, அதே ஆண்டு ஜூலை 31-ல் குண்டுச் சிதறல்களால் காயப்பட்டு, டூயிஸ்பர்க் மருத்துவமனைக்குப் போனவர். 1918 அக்டோபரில் அவர் முனையில் இல்லை. எனவே இந்தக் காட்சி நினைவிலிருந்து எழுதப்பட்டது அல்ல; கட்டப்பட்டது. பேரழிவான மாதத்தைப் பொறுக்கி எடுத்து, அதன் நடுவில் ஓர் ‘அமைதியான’ நாளை வைத்திருக்கிறார். பொருந்தாமைதான் நோக்கம் என்பது என் கணிப்பு. நாட்டின் படை சரிந்துகொண்டிருக்கும்போதும் அறிக்கை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லக்கூடியது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட வழியில்லை.

நாவல் முதலில் வெளியான விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பெர்லினின் ‘ஃபோஸிஷ சைட்டுங்’ நாளிதழில் 1928 நவம்பர் 10 முதல் டிசம்பர் 9 வரை தொடராக வந்தது. தொடங்கிய நாள், போர்நிறுத்தத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய நாள். நூலாக 1929 ஜனவரி இறுதியில் வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் ராணுவ அறிக்கையைத் தினமும் நாளிதழில் படித்துவிட்டு வேலைக்குப் போன தலைமுறை, அதே மாதிரி ஒரு தாளில் இந்தக் கடைசிப் பகுதியைப் படித்தது. ‘புதிதாக எதுவும் இல்லை’ என்று தாங்கள் படித்து நிம்மதியடைந்த நாள்கள் எத்தனை என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். 1933 மே 10-ல் பெர்லினில் இந்த நூலைத் தீயில் போட்டவர்கள் சொன்ன குற்றச்சாட்டு, உலகப் போரின் வீரனுக்கு இலக்கியத்தால் துரோகம் செய்தது என்பது. தியாகம், வீர மரணம் என்ற அறிக்கை மொழி இல்லாமல் ஒரு வீரனின் சாவை எழுதினால் அது துரோகமாகிவிடும் என்று அவர்களுக்குத் தோன்றியது.

திரைப்படங்களைப் பார்த்துவிட்டு நாவலின் முடிவைப் பேசுகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். 1930-ல் வந்த படத்தில் பவுல் பதுங்குகுழிக்கு வெளியே உள்ள பட்டாம்பூச்சியை நோக்கிக் கை நீட்டுகிறான், துப்பாக்கி வெடிக்கிறது, கை துடித்து விழுகிறது. அந்தக் கை இயக்குநர் லூயிஸ் மைல்ஸ்டோனுடையது. சினிமாவாக மறக்க முடியாத காட்சி. ஆனால் நாவலில் பட்டாம்பூச்சிகள் வருவது ஆறாவது அத்தியாயத்தில். இரண்டு மஞ்சள் பட்டாம்பூச்சிகள் பறந்து வந்து ஒரு மண்டையோட்டின் பற்களில் உட்காருகின்றன. கைநீட்டி ஏங்க அங்கே ஒன்றுமில்லை. படம் சாவுக்கு ஒரு காரணத்தைத் தந்துவிடுகிறது. அழகின் மீது ஆசைப்பட்டான், எட்டிப் பார்த்தான், அதனால் செத்தான். காரணம் கிடைத்ததும் நமக்குச் சோகம் அழகாகிவிடுகிறது.

2022-ல் வந்த ஜெர்மன் படம் இன்னும் தூரம் போகிறது. சாவை நவம்பர் 11-க்கு நகர்த்தி, போர்நிறுத்தம் தொடங்கும் 11 மணிக்குச் சற்று முன்னால் ஒரு தளபதி வெறியில் கடைசித் தாக்குதலுக்கு உத்தரவிடுவதாக வைத்திருக்கிறார்கள். பவுலை முதுகில் குத்தும் துப்பாக்கி முனைக் கத்தி, அடுத்த சில கணங்களில் போர் ஓய்ந்துவிட்டது என்ற அறிவிப்பு. நேரம், ஆயுதம், வில்லன் மூன்றும் வந்துவிட்டன. அந்தத் தளபதி மட்டும் இல்லாவிட்டால் பிழைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வரலாம். நாவல் அந்த வசதியைத் தருவதில்லை. அதில் பவுலைக் கொல்ல யாரும் கெட்டவனாக இருக்கத் தேவைப்படவில்லை, ஒரு சாதாரண நாள் போதுமானதாக இருந்தது. அந்தப் படத்தில் விடுப்பில் ஊருக்குப் போகும் பகுதியே கிடையாது. எனவே கெம்மரிக்கின் தாயும் இல்லை, சத்தியமும் இல்லை. கடைசி வாக்கியத்தை எதோடு ஒப்பிட்டுச் சந்தேகப்பட வேண்டுமோ அது போய்விட்ட பிறகு, அந்த வாக்கியத்துக்கும் படத்தில் இடமில்லாமல் போனது சரியே.

என் வாசிப்புக்கு எதிராக நியாயமாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. நாவலின் முகப்பில் உள்ள குறிப்பு, இது குற்றச்சாட்டும் இல்லை, வாக்குமூலமும் இல்லை, எறிகணைகளுக்குத் தப்பியிருந்தாலும் போரால் அழிக்கப்பட்ட ஒரு தலைமுறையைப் பற்றிச் சொல்லும் முயற்சி என்கிறது. தப்பியவர்களும் அழிந்தவர்களே என்றால், தப்பாமல் போனது பவுலுக்கு விடுதலைதானே என்று கேட்கலாம். 1916-ல் திரும்பியிருந்தால் ஒரு புயலைக் கிளப்பியிருப்போம், இப்போது திரும்பினால் களைத்து, எரிந்து முடிந்து, வேரற்றுத்தான் திரும்புவோம் என்று பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அவனே சொல்கிறான். இது வலுவான வாதம். நான் சொல்லக்கூடிய மறுமொழி: அது பவுல் உயிரோடு இருக்கும்போது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. செத்தவனின் முகத்தைப் பார்த்து இவனுக்கு இது பிடித்திருக்கிறது போல என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுத அந்த உரிமை கிடையாது. ‘போல’, ‘ஏறக்குறைய’ என்று இரண்டு தயக்கச் சொற்களை ரெமார்க் அந்த ஒரே வாக்கியத்துக்குள் வைத்திருப்பதும் இதனால்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். முகம் காட்டியது என்ன என்பது அவருக்கும் தெரியாது என்கிற அளவுக்கு அவர் நேர்மையாக இருக்கிறார்.

காலணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கெம்மரிக்கிடம் இருந்த மிருதுவான மஞ்சள் தோல் காலணிகள் முல்லருக்குப் போயின. முல்லர் சாகும்போது பவுலுக்கு வந்தன. தனக்குப் பிறகு அவை இன்னொரு கூட்டாளியான ட்யாடனுக்கு என்று பவுல் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறான். ஆகவே கடைசிப் பக்கத்தில் பிணத்தைப் புரட்டும்போது, நாவலைக் கவனமாகப் படித்தவர் பார்க்க விரும்புவது கால்களை. அறிக்கைக் குரல் முகத்தை மட்டும் காட்டுகிறது. ட்யாடன் பிழைத்திருக்கிறான், ரெமார்க்கின் அடுத்த நாவலாக 1931-ல் வந்த ‘தி ரோட் பேக்’கில் ஊர் திரும்புகிறவர்களில் ஒருவனாக வருகிறான். ஆனால் காலணிகள் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பதற்கு இந்த நாவலில் பதில் இல்லை.

மறுபடி படிக்க எடுப்பவர்கள் முழு நூலையும் படிக்க நேரமில்லையென்றால், இந்த வரிசையில் போகலாம்: இரண்டாவது அத்தியாயத்தில் கெம்மரிக் சாகும் பகுதி, அதை முடித்த கையோடு ஏழாவதில் அவன் தாய் வரும் பகுதி, பதினொன்றின் கடைசி இரண்டு பக்கம், பிறகு பன்னிரண்டாவது முழுவதும். இடையில் வேறு எதையும் படிக்க வேண்டாம். ஏழாவதில் பவுல் சொல்லும் ஆறுதல் வாக்கியத்தைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு, கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டிப் பாருங்கள்.